பனிமூட்டம் வந்தால் ஹோர்ட்டன் சமவெளிப் பயணம் வீணா?

கேட்டிருப்பது இது: திருகோணமலையிலிருந்து ஜனவரி கடைசியில் குடும்பத்தோடு நுவரெலியாவுக்கு வருகிறீர்கள். அறுபது தாண்டிய அம்மாவும் எட்டு வயது மகளும் கூட வருகிறார்கள். கையில் இருப்பது ஒரே ஒரு காலைப்பொழுது. ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்றால், "பனிமூட்டம் இறங்கிவிட்டால் ஒன்றும் தெரியாது, காசும் நேரமும் வீண்" என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். அது உண்மையா, 'உலக முடிவு' என்று பெயர்பெற்ற செங்குத்துப் பாறை விளிம்பைத் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

உறவினர்கள் சொல்வது உலக முடிவைப் பொறுத்தவரை சரி. அந்தச் செங்குத்துப் பாறை விளிம்பிலிருந்து நிலம் ஏறக்குறைய 880 மீட்டர் கீழே விழுகிறது. காலை வெளிச்சம் வந்ததிலிருந்து ஒன்பது, ஒன்பதரை வரைக்கும்தான் அங்கே நம்பிக்கையாக எதையும் பார்க்கலாம். அதற்குப் பிறகு பள்ளத்தாக்கில் சூடேறிய காற்று முகிலை மேலே தள்ளிக்கொண்டு வரும், எதிரில் வெள்ளைச் சுவர்தான். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் ஓரளவு தெளிவாக இருக்கும் காலம் என்பதால் உங்களுக்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஜூன், ஜூலையில் வருகிறவர்கள்தான் காற்றிலும் தூறலிலும் நின்று ஏமாந்து திரும்புவார்கள்.

ஆனால் பூங்கா என்பது அந்த விளிம்பு மட்டுமல்ல. என் கருத்தில் உலக முடிவுக்குக் கிடைக்கும் புகழ் கொஞ்சம் அதிகம். இலங்கையின் மலைநாட்டில் இதுபோன்ற பள்ளத்தாக்குக் காட்சிகள் வேறு பல இடங்களிலும் உண்டு. இந்தச் சமவெளியில் இருக்கும் ஈரப் புல்வெளியும் அதைச் சுற்றி நிற்கும் குட்டை மரக்காடும் அப்படிக் கிடைப்பவையல்ல. பனிமூட்டம் அவற்றை மறைப்பதும் இல்லை. சொல்லப்போனால், அந்தக் காடு வாழ்வதே பனிமூட்டத்தை நம்பித்தான். அதனால் புல்லையும் காட்டையும் பார்க்கக் கிளம்புங்கள். உலக முடிவு தெரிந்தால் அது கூடுதல் லாபம்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுநிலம். பரப்பளவு 3,160 ஹெக்டயர்தான், வில்பத்து தேசியப் பூங்கா இதைவிட நாற்பது மடங்கு பெரியது. 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயரை வெள்ளைக்காரர்கள் வைத்தார்கள். அதற்கு முன்பே சிங்கள மக்கள் இதை மகா எலிய என்று அழைத்து வந்தார்கள். ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளை வெட்டாமல் விடும்படி தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் சொன்ன ஆலோசனைதான், கோப்பியும் தேயிலையும் மலையெல்லாம் ஏறிய காலத்தில் இதைக் காப்பாற்றியது. 1969இல் இயற்கை ஒதுக்ககமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2010 முதல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதி.

நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வழியாக ஏறக்குறைய 32 கிலோமீட்டர். பாதை வளைவுகள் நிறைந்தது, வேனில் ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும், அந்த நேரத்துக்கு அங்கே நிற்பது நல்லது. ஒஹிய ரயில் நிலையத்திலிருந்து நடந்தே ஏறுகிற இளைஞர்களும் உண்டு. பதினொரு கிலோமீட்டர் ஏற்றம் என்பதால் அது உங்கள் கூட்டத்துக்கு ஆகாது.

வழியில் அம்பேவெல பால் பண்ணையைக் கடப்பீர்கள். பச்சைப்பசேல் என்று ஒரே உயரத்தில் வளர்ந்த புல், அதில் மாடுகள். பிள்ளைக்கு அதைக் காட்டி மனதில் பதிய வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பிறகு ஒப்பிடலாம். அது மனிதர் விதைத்த மேய்ச்சல் நிலம். இன்னும் கொஞ்சத் தூரம் ஏறி பூங்காவுக்குள் போனால் தெரியும் புல் வேறு ரகம். கொத்துக் கொத்தாக, முழங்கால் உயரத்தில், பொன்னும் பழுப்பும் பச்சையும் கலந்து, ஒவ்வொரு கொத்துக்கும் இடையில் கறுப்பு மண்ணும் தண்ணீரும். வேனில் இருந்தபடி பார்த்தால் "காய்ந்த புல்தானே" என்று தோன்றும். இறங்கி, பாதையில் நின்றபடியே குனிந்து பாருங்கள். கொத்துகளின் அடியில் பாசி, பாசிக்குள் நீர், நீரோரம் பூச்சியைப் பிடித்துத் தின்னும் மிகச் சிறிய செடிகள். ஓடைகள் புல்வெளியை அறுத்துக்கொண்டு ஓடும் தாழ்வான இடங்களில் இடுப்பளவே வளரும் குட்டை மூங்கில் புதர்கள். ஒரு புல்வெளி உண்மையிலேயே ஈரமானதா என்று அறிய அந்த மூங்கிலைத் தேடினால் போதும்.

மேட்டில் காடும் பள்ளத்தில் புல்லும் ஏன் இப்படிப் பிரிந்து நிற்கின்றன என்று மகள் கேட்டால் என்ன சொல்வது? ஒரு காரணம் குளிர். இரவில் கனத்த குளிர்காற்று சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஜனவரி, பெப்ரவரியில் அங்கே தரை உறைந்து புல்நுனியில் வெள்ளைப் படலம் பிடிக்கும். மரக்கன்று அதைத் தாங்காது, புல் தாங்கும். இரண்டாவது காரணம் நீர். எப்போதும் ஊறிக் கிடக்கும் மண்ணில் மர வேருக்கு மூச்சு விட இடமில்லை. மூன்றாவது மனிதன். சேற்றுப் படிவுகளில் புதைந்த மகரந்தத்தை ஆராய்ந்தவர்கள், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இங்கே தீ வைப்பும் மேய்ச்சலும் நடந்ததற்கான அடையாளங்களைக் கண்டிருக்கிறார்கள். இந்த மூன்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் வாதம் உண்டு. மூன்றும் சேர்ந்துதான் என்று சொல்லி வைப்பது நியாயம்.

இந்தப் புல்வெளி இலங்கைக்குச் செய்யும் வேலை பெரிது. மழையும் பனிமூட்டமும் கொடுக்கிற நீரைக் கறுப்பு மண்ணில் பிடித்து வைத்து, மழையில்லாத மாதங்களிலும் மெதுவாகக் கசியவிடுகிறது. மகாவலி, களனி, வளவை என்ற மூன்று ஆறுகளுக்கும் இந்த மேட்டிலிருந்து நீர் இறங்குகிறது. நீங்கள் நடக்கும் பாதையருகே ஓடும் பெலிஹுல் ஓயா தெற்கே இறங்கி வளவையோடு சேரும். ஆக்ரா ஓயாவில் இறங்கும் நீர் கொத்மலை வழியாக மகாவலிக்குப் போகிறது. அந்த மகாவலி எங்கே கடலைச் சேர்கிறது என்று திருகோணமலைக்காரரான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கொட்டியாரக் குடாவில் கலக்கும் நீரில் ஒரு பங்கு இந்தப் புல்லின் அடியிலிருந்து கிளம்பியது என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

காட்டுக்கு வருவோம். கீழ்நாட்டுக் காட்டின் பிரமாண்டம் இங்கே இல்லை. காற்றும் குளிரும் மரங்களை நிமிர விடுவதில்லை. முறுக்கிய கிளைகள், குடை பிடித்தாற்போல் தட்டையான உச்சி, சிறிய தடித்த இலை, தளிரில் சிவப்பு. தண்டு முழுக்கப் பாசி, கிளைகளிலிருந்து சாம்பல் நிறத் தாடியாகத் தொங்கும் மரப்பாசிகள். முகில் மரங்களுக்குள் புகும்போது இந்தப் பாசியிலும் இலைகளிலும் நீர்த்துளி படிந்து சொட்டும். மழையே பெய்யாத நாளிலும் காட்டுக்குள் நின்றால் டப் டப் என்று சத்தம் கேட்கும். ஆக, உறவினர்கள் பயமுறுத்துகிற அந்தப் பனிமூட்டம் வந்தால், உலக முடிவில் நின்று சபிப்பதை விட்டுவிட்டுக் காட்டுப் பகுதிக்குள் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள்.

புல்வெளி ஓரங்களில் செக்கச் சிவந்த பூக்களோடு நிற்கும் குட்டை மரத்தைக் கவனியுங்கள். இமயமலைப் பக்கம் வளரும் ரோடோடென்ட்ரனின் இலங்கைச் சொந்தம் அது. காட்டின் அடியில் அடர்ந்து நிற்கும் புதர் நெலு, நம் குறிஞ்சியின் இனம். அதில் பல வகைகள் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றாகப் பூத்து, காய்த்து, மடியும். அந்த விதையைத் தின்னக் காட்டுக்கோழிகள் கூட்டமாக வரும்.

விலங்குகளில் உங்கள் மகளுக்கு நிச்சயமாகக் கிடைப்பது மரை என்ற பெரிய மான். விடியற்காலையில் காட்டிலிருந்து புல்வெளிக்கு மேய வந்திருக்கும், வெயில் ஏறினால் திரும்பப் போய்விடும். வாகனத் தரிப்பிடத்துக்கு அருகே சில மரைகள் மனிதரைக் கண்டு விலகாமலே நிற்கும். அது அழகான காட்சியாகத் தோன்றினாலும் நல்ல அடையாளமல்ல. பிஸ்கட்டும் பாணும் கொடுத்துப் பழக்கிய பழக்கம் அது. கொம்புள்ள பெரிய ஆண் மரை கனமான விலங்கு, பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்க நினைக்கவே வேண்டாம். மரையைத் தின்னும் சிறுத்தையும் இங்கே இருக்கிறது. அதைப் பார்ப்பது அபூர்வம், பாதையில் எச்சத்தைப் பார்ப்பது அவ்வளவு அபூர்வமல்ல. ஒரு காலத்தில் யானையும் இருந்தது. வெள்ளைக்காரர் சுட்டுத் தீர்த்தார்கள். இங்குள்ள பேக்கர் நீர்வீழ்ச்சிக்குப் பெயர் தந்தாரே சாமுவேல் பேக்கர், அவரும் பேர்போன வேட்டைக்காரர்தான்.

பெரிய விலங்கை மட்டும் தேடுகிறவர்கள் இங்கே பாதியைத் தவறவிடுவார்கள். பாசி படர்ந்த தண்டில் அசையாமல் ஒட்டியிருக்கும் ஓணானைப் பாருங்கள். மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்பு இருந்தால் அது காண்டாமிருகக் கொம்பு ஓணான், இலங்கையின் மலைக்காட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இன்னொரு குட்டை ஓணான் முட்டையிடாமல் குட்டியே போடும், இந்தக் குளிரில் முட்டையைத் தரையில் விட்டால் பொரிப்பது கடினம். இரண்டுமே மிக மெதுவாக நகர்பவை, வாகனத்தை வேகமாக ஓட்டினால் சாலையில் நசுங்கிப்போகும். ஓட்டுநரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரவு விலங்கான இங்குள்ள தேவாங்கை நீங்கள் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் அதன் கதை சுவையானது. பல பத்தாண்டுகள் அழிந்துபோனதாகவே எண்ணியிருந்த இந்த மலைத் தேவாங்கை 2009இல்தான் முதன்முதலாகப் படம் பிடித்தார்கள்.

பறவை பார்ப்பவர்கள் பட்டிப்பொல வாயிலைத் தாண்டியதும் சாலையோரம் இருக்கும் சின்னக் குளத்தருகே இருட்டோடு இருட்டாக வந்து நிற்பார்கள். இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவியைத் தேடித்தான். கருநீல உடம்பு, தோளில் மினுங்கும் நீலத் திட்டு, காதைக் கிழிக்கும் ஒரு கிறீச்சொலி. வெளிச்சம் நன்றாக வந்துவிட்டால் மறைந்துவிடும். நீங்களும் அங்கே ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிக் கேளுங்கள். அம்மாவுக்கு நடையே இல்லாமல் கிடைக்கும் காட்சி அது. புல்வெளியில் கொத்துகளின் நுனியில் உட்கார்ந்து வாலை ஆட்டும் கறுப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டைத் தேடவே வேண்டாம், அதுவாகக் கண்ணில் படும்.

இனி நடை. ஃபார் இன் என்ற பழைய வேட்டை விடுதியிலிருந்து, இப்போது அது பார்வையாளர் நிலையம், ஒன்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலான வட்டப் பாதை தொடங்குகிறது. சிறு உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி மூன்றையும் தொட்டுத் திரும்ப மூன்று முதல் நான்கு மணி நேரம். எட்டு வயதுப் பிள்ளை முழுதும் நடந்துவிடும். வழியில் முறுக்கும் பேரீச்சம்பழமும் கொடுத்துக்கொண்டே இருந்தால் புலம்பாது. அம்மாவைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். மேட்டுநிலம் என்பதால் பெரிய ஏற்றம் இல்லை, ஆனால் பாதை கல்லும் பள்ளமும் வேரும் சேறும். முழங்கால் வலி உள்ளவருக்கு ஏற்றத்தைவிட இதுதான் தொந்தரவு. பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் இடம் செங்குத்து, ஈரத்தில் வழுக்கும். இருபது மீட்டர் நீர்வீழ்ச்சிக்காக அம்மாவை அங்கே இறக்குவது தேவையில்லாத வேலை.

நான் சொல்லும் ஏற்பாடு: எல்லோரும் சேர்ந்து முதல் ஒரு கிலோமீட்டர் திறந்த புல்வெளியில் நடங்கள். ஓடை, மூங்கில், மரை, காட்டின் விளிம்பு எல்லாம் அந்தத் தூரத்துக்குள்ளேயே வந்துவிடும். அங்கிருந்து அம்மாவும் துணைக்கு ஒருவரும் ஆறுதலாகத் திரும்பி ஃபார் இன்னில் இருக்கும் சிறு கண்காட்சியைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். மற்றவர்கள் முதலில் சிறு உலக முடிவுப் பக்கம் திரும்பி, ஒன்பது மணிக்குள் உலக முடிவை எட்டிவிடுங்கள். திரும்பும்போது நீர்வீழ்ச்சி வழி. எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் உலக முடிவுக்குப் போய்ச் சேரும் நேரத்தில் முகில் உங்களுக்கு முன்னால் வந்திருக்கும். விளிம்பில் தடுப்பு இருக்கிறது என்று அலட்சியம் வேண்டாம், பிள்ளையின் கையை விடாதீர்கள். செல்பிக்காகப் பாறை நுனிக்குப் போய் விழுந்தவர்கள் உண்டு.

நடைபாதை வாயிலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் பை, உறையோடு இருக்கும் பிஸ்கட், போத்தலில் ஒட்டிய தாள் உறை எல்லாவற்றையும் அகற்றச் சொல்வார்கள். வரிசையில் நின்று சண்டை போடும் குடும்பங்களைப் பார்க்கலாம். உணவு வாசனை ஒட்டிய பொலித்தீனை மரை அப்படியே விழுங்கிவிடும், அது வயிற்றில் அடைத்துக்கொள்ளும். அந்தச் சோதனைக்குக் காரணம் அதுதான். முதல்நாள் இரவே சாப்பாட்டை வாழையிலையிலோ டப்பாவிலோ கட்டிவிட்டால் வாயிலில் நேரம் மிச்சம்.

கால்செருப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. நனைந்தால் பரவாயில்லை என்கிற பழைய சப்பாத்தைப் போட்டு வாருங்கள். புதுச் சப்பாத்துக்காரர்கள் சேற்றைக் கண்டதும் பக்கத்துப் புல்லில் ஏறி நடப்பார்கள். ஆயிரம் பேர் அப்படி நடந்தால் கறுப்பு மண் இறுகி, அதில் நீர் வாய்க்காலாக ஓடத் தொடங்கும், பாதை இன்னொரு மீட்டர் அகலும். ஊறித் தங்க வேண்டிய நீர் அந்த வாய்க்காலில் வழிந்து போய்விடும். சேறு இருந்தால் சேற்றுக்குள்ளேயே நடங்கள். பிள்ளைக்கு அதில் மகிழ்ச்சிதான்.

மஞ்சள் பூப் பூத்த முட்புதரைக் கண்டால் பலரும் ஓடிப்போய்ப் படம் எடுப்பார்கள். வெள்ளைக்காரர் கொண்டுவந்த ஐரோப்பியச் செடி அது, புல்வெளியைத் தின்று பரவுகிறது. தொண்டர்கள் கூட்டம் கூட்டமாக வந்து பிடுங்கியும் தீரவில்லை. ஓடைகளில் நீந்தும் ட்ரவுட் மீனும் வெள்ளைக்காரர் தூண்டில் விளையாட்டுக்காக விட்டதே. அந்த ஓடைகளில் மட்டுமே வாழும் ஒரு சிறு இறால் வகைக்கு அது எமன். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் சும்மா இருக்கவில்லை. 1960களில் இந்த வெளியின் ஒரு பகுதியை உழுது உருளைக்கிழங்கு போட்டார்கள், அந்தத் துண்டுகளில் வெளியிலிருந்து வந்த புற்கள் பிடித்துக்கொண்டன. காட்டில் ஆங்காங்கே வெளுத்துப்போய் நிற்கும் பட்டமரங்களையும் பார்ப்பீர்கள். தீப்பட்டதல்ல. பல பத்தாண்டுகளாக மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து வருகின்றன. வறட்சி, மண், காற்று மாசு என்று பல காரணங்களை ஆய்வாளர்கள் முன்வைக்கிறார்கள், ஒன்றில் முடிவாகவில்லை.

உடை பற்றி: விடியலில் உறைகுளிர், பத்து மணிக்கு உச்சந்தலை சுடும். அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றக்கூடிய உடை, தொப்பி, ஒரு மழைச்சட்டை. இந்த உயரத்தில் வெயில் குளிருக்குள் ஒளிந்துகொண்டு தோலைக் கருக்கிவிடும், பிள்ளைக்கு முகத்தில் கிரீம் பூசுங்கள். குடிக்கத் தண்ணீர் கையோடு வேண்டும், நடைபாதையில் கடை கிடையாது.

பெரியவர்கள் எல்லோரும் தேசிய அடையாள அட்டை கொண்டு வாருங்கள். உள்நாட்டவருக்கு நுழைவுச்சீட்டு மலிவு, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்குப் பல மடங்கு. லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவினர் யாராவது கூட வருவதாக இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், வாயிலில் வாக்குவாதம் வேண்டாம். நீண்ட வார இறுதியும் போயா (பௌர்ணமி) விடுமுறையும் சேர்ந்து வந்தால் வாகன வரிசை நீளும். நாளை மாற்ற முடியுமென்றால் செவ்வாய் அல்லது புதன் வாருங்கள். அதற்கு முந்தைய நாட்களில் பலத்த மழை பெய்திருந்தால், தங்கும் விடுதியில் பட்டிப்பொலப் பாதை எப்படி இருக்கிறது என்று இரவே விசாரித்துவிட்டுப் படுங்கள்.